நோட்டை பீரோவுல வைக்காதீங்க ஆச்சி

கானாடுகாத்தான்ல இருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்காங்க, வயசு 61. மக சிங்கப்பூர்ல இருந்து வந்தப்ப வாட்டர்கலர் பெட்டியும் கெட்டி அட்டை போட்ட நோட்டும் வாங்கியாந்து, தினம் எதையாச்சும் வரைஞ்சு டைரி மாதிரி வைங்கன்னு குடுத்துட்டுப் போயிருக்கு. "நல்ல நோட்டு, பாழாயிருமேன்னு பீரோவுல வச்சுட்டேன். பழைய கணக்கு நோட்டுல வீட்டு முகப்பை வரைஞ்சு பாத்தேன், பேப்பர் அப்பளமா சுருண்டுபோச்சு. எனக்கு இது வராதோ?"ன்னு கேக்குறாங்க.

ஆச்சி, வராம எங்க போயிரும். சுருண்டது பேப்பரோட குத்தம், உங்க கைக்குத்தம் இல்ல. கணக்கு நோட்டுப் பேப்பர் பேனாவுக்குச் செஞ்சது, தண்ணியத் தாங்காது. வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் (பேப்பர் எவ்வளவு கெட்டின்னு சொல்ற எடைக் கணக்கு) பேப்பர்னா நல்லது, உங்க நோட்டு அட்டையிலயே எத்தனைன்னு போட்டிருக்கும் பாருங்க, 200 இருந்தாலும் போதும், தண்ணிய மட்டும் கொஞ்சம் அளவாத் தொடுங்க.

மொதப் பக்கத்துல படமே வேணாம். பெட்டியில இருக்குற ஒவ்வொரு கலரையும் சின்னச் சின்னக் கட்டமாத் தடவி கீழ பேர் எழுதுங்க, ஒருதடவை கெட்டியா, ஒருதடவை தண்ணி விட்டு. காஞ்சப்புறம் பாத்தா ஈரத்துல இருந்ததவிட வெளிறியிருக்கும், அது எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தப் பக்கம். நோட்டுல கை வச்ச மாதிரியும் ஆச்சு, பயமும் விட்டுரும்.

அப்புறம், முகப்புல ஆரம்பிச்சதுதான் நீங்க பண்ண ஒரே தப்பு. அத்தனை தூணு, நிலை, கலர்க் கண்ணாடி, எல்லாத்தையும் ஒரு பக்கத்துல அடக்கணும்னா பழகின கையே திணறும். வளவுல காயுற மிளகாய் வத்தல் ஒண்ண எடுத்து வெள்ளைத் தட்டுல வைங்க, அது போதும். சிவப்புல பளபளன்னு ஒரு கீத்து தெரியும்ல, அங்க கலரே தொடாதீங்க, வாட்டர்கலர்ல பேப்பர்தான் வெள்ளை. அதோட நிழல் கருப்புன்னு நெனச்சுருவோம், உத்துப் பாருங்க, நீலம் கலந்த சாம்பலா இருக்கும், வத்தலுக்குப் பக்கத்துல லேசா சிவப்பும் ஓடும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாங்குற செம்பழுப்பும் கலந்தா அந்தச் சாம்பல் வந்துரும், கருப்பு டப்பாவைத் திறக்கவே வேணாம். பக்கத்துல தேதி போட்டு, அன்னைக்கு வெயில் எப்படி, யாரு வந்தாக, ரெண்டு வரி எழுதுங்க. எனக்கு அந்த ரெண்டு வரிதான் டைரியோட உசுரு.

அடுத்த வாரம் தரையில இருக்குற ஆத்தங்குடிக் கல்லு, அதான் அந்தக் கலர் டைல்ஸ், ஒண்ணு வரைங்க. அதைச் செய்யுறப்ப கண்ணாடி மேல தகடு அச்சு வச்சு ஒவ்வொரு அறையிலயும் வேற வேற கலர் ஊத்துவாங்க, தகடு நடுவுல நிக்குறதால ஒண்ணோட ஒண்ணு கலக்காது. நமக்குத் தகடு இல்ல, அதனால ஒரு கலர் நல்லாக் காஞ்சப்புறம்தான் பக்கத்துக் கலர் வைக்கணும், அவசரப்பட்டா பச்சையும் சிவப்பும் ஓடிக் கலங்கிரும். ஆள் நடந்து நடந்து தேஞ்ச கல்லாப் பாத்து எடுங்க, புதுசவிட அதுல பாக்க நெறைய இருக்கு.

நேரம் காலையிலயே வச்சுக்குங்க, திண்ணை நிழல்ல. நம்மூரு சித்திரை வெயில்ல பதினோரு மணிக்கு உக்காந்தா பிரஷ்ஷை இழுக்குறதுக்குள்ள காஞ்சு ஓரம் ஓரமா கோடு விழும், வெள்ளைப் பேப்பர் கண்ணையும் கூசும். தண்ணி ரெண்டு டம்ளர்ல வைங்க, ஒண்ணு பிரஷ் கழுவ, ஒண்ணு கலர் கலக்க. பிரஷ் உருண்டை முனையில 8ஆம் நம்பர் ஒண்ணு போதும், கழுவி படுக்கப் போட்டுக் காயவைங்க, டம்ளருக்குள்ள நிக்கவச்சா முனை வளைஞ்சுரும். முடிச்சதும் நோட்டை உடனே மூடிராதீங்க, ஈரத்துல பக்கம் ஒட்டிக்கும். ஐப்பசி மழையில கலர் பெட்டியையும் அப்படியே, காத்தாட விட்டுட்டு மூடுங்க, இல்லன்னா பூஞ்சை பிடிச்சுரும்.