கர்ப்பமாக இருக்கிறேன், எக்ஸ்ரே வேலையை விட வேண்டுமா?

கேள்வி: மதுரையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். இப்போது இரண்டு மாதக் கர்ப்பம். வார்டில் போர்ட்டபிள் (நோயாளியின் படுக்கைக்கே தள்ளிச் செல்லும் எக்ஸ்ரே மெஷின்), ஆப்பரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (ஆப்பரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் மெஷின்) இரண்டும் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் டி.எல்.டி. பேட்ஜ் (எங்கள் மேல் படும் கதிரை அளக்கும் பேட்ஜ்) ரிப்போர்ட்டில் இதுவரை பூஜ்யம்தான். வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: வேலையை விட வேண்டாம். அதில் சிலவற்றை மட்டும் விடுங்கள்.

கர்ப்பத்தை உங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அந்த நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்கான கதிர் வரம்பு 1 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு). மற்ற ஊழியர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. 100 மில்லிகிரேக்குக் (எக்ஸ்ரேயில் இது கிட்டத்தட்ட 100 மில்லிசீவர்ட்தான்) கீழ் கருவில் பிறவிக் குறைபாடு கூடியதாகக் காணப்படவில்லை. ஒழுங்காக வேலை செய்யும் டெக்னீஷியன் அதன் பக்கம்கூடப் போவதில்லை. இப்போது வாந்தி வந்தால் அதுவும் கதிரால் அல்ல, மசக்கையால்தான்.

ஆனால் அந்தப் பூஜ்யத்தை நம்பலாமா? பேட்ஜை மார்பில், கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனுக்கு உள்ளே போட்டிருந்தால் நம்பலாம். மேஜை டிராயரில் கிடந்திருந்தால் அது டிராயரின் பூஜ்யம். ஏப்ரனோடு எக்ஸ்ரே அறையிலேயே தொங்கவிட்டால் வாங்காத கதிரையும் உங்கள் கணக்கில் எழுதும். மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றன்றே அளவு பார்க்க, பாக்கெட் டோசிமீட்டர் ஒன்று கேட்டு வாங்கி, ஏப்ரனுக்குள் வயிற்றருகே மாட்டுங்கள்.

எக்ஸ்ரே அறை டியூட்டி கேளுங்கள். கதவைச் சாத்தி, கன்சோல் தடுப்புக்குப் பின்னால் நின்றால் உங்கள் மேல் படுவது மிகச் சொற்பம். போர்ட்டபிள் தவிர்க்க முடியாவிட்டால் ஸ்விட்ச் வயரை முழுதாக இழுத்து, 2 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். தூரம் இரட்டித்தால் அளவு கால்பங்காகும். குழந்தையையோ முதியவரையோ பிடித்துக்கொள்ள மட்டும் நீங்கள் போகவே கூடாது. ஏப்ரன் போட்ட உறவினர் பிடிக்கட்டும், அவரும் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது.

சி-ஆர்ம்தான் எனக்கு உறுத்துகிறது. சக ஊழியரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். முடியாத நாளில் டியூப் (கதிர் வெளிவரும் முனை) மேசைக்குக் கீழே இருக்கட்டும். பக்கவாட்டில் திருப்பினால் டிடெக்டர் (கதிரை வாங்கிப் படமாக்கும் முனை) இருக்கும் பக்கம் நில்லுங்கள். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் டியூப் பக்கம்தான் அதிகம். முன்பக்கம் மட்டும் மறைக்கும் ஏப்ரன் நீங்கள் திரும்பிய நொடியில் பயன்படாது, சுற்றிக் கட்டும் 0.5 மி.மீ. ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் வேண்டும். அதை மடித்து வைத்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது. கடைசியாக எப்போது ஃப்ளோரோவில் (திரையில் நேரடியாகக் காட்டும் எக்ஸ்ரே) வைத்துப் பார்த்தார்கள் என்று விசாரியுங்கள்.

பாலும் வெல்லமும் கதிரை இறக்கும் என்பார்கள். ஸ்விட்சை விட்டதுமே கதிர் நின்றுவிடுகிறது. இறக்க எதுவும் மிச்சமில்லை. பசித்தால் பால் குடியுங்கள்.