குறை சொல்வது பிழைப்புக்காகவா?

கேள்வி: தனியுரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை போனவர்கள் வழக்கறிஞர்கள். அரசும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இப்போது அதிலும் குற்றம் காண்கிறார்களே, வழக்கு இருந்தால்தான் பிழைப்பு என்பதாலா? – வாசகர், திண்டிவனம்

பதில்: பிழைப்புதான் நோக்கம் என்றால், குழப்பமான சட்டத்தை அவர்கள் மாலை போட்டு வரவேற்றிருக்க வேண்டும், தெளிவான சட்டத்தால் வழக்குகள் பெருகுவதில்லை.

அரசு மனமுவந்து கொடுத்த உரிமையும் அல்ல இது. ஆதார் வழக்கில் 1954, 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புகளைக் காட்டி, தனியுரிமை அடிப்படை உரிமையே அல்ல என்று 2015இல் வாதிட்டது ஒன்றிய அரசுதான். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த அந்த வழக்கில், ஷ்யாம் திவான், நம் சென்னையின் அரவிந்த் தத்தார் போன்றோர் எதிர்வாதம் செய்த பிறகே, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்றார்கள். வழக்கறிஞர்கள் அதோடு நிற்கவில்லை. மாதிரிச் சட்டம் ஒன்றையும் வரைந்தார்கள். அதையொட்டி 2019இல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் உங்கள் தொகுதி உறுப்பினர் ரவிக்குமார்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர்கள் சொல்லும் குறைகளைப் பாருங்கள். அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை ஒன்றின் மூலமே சட்டத்திலிருந்து விலக்கு அளித்துவிடலாம். உங்கள் விவரங்களைக் கசியவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. ஆனால் அது அரசின் கருவூலத்துக்குப் போகிறது, பாதிக்கப்பட்ட உங்களுக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. பொய்ப் புகார் கொடுத்ததாகத் தீர்மானித்தால் 10,000 ரூபாய்வரை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்!

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது இச்சட்டத்தின் 44(3)ஆம் பிரிவு. உங்கள் ஊரில் இறந்துபோனவர் பெயரில் மாதாமாதம் முதியோர் உதவித்தொகை எடுக்கப்படுவதாகச் சந்தேகித்து, பயனாளிகள் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். முன்பு அதை மறுக்க வேண்டுமானால், பொதுநலனுக்குத் தொடர்பில்லாத விவரம் அது, அல்லது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றி மூக்கை நுழைப்பது என்று அலுவலர் காட்டியாக வேண்டும். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற காப்பும் அங்கே இருந்தது. புதிய சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் அந்த 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கி, தனிநபர் தகவல் என்ற ஒற்றைக் காரணத்தை மட்டும் விட்டுவைத்தது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பெயரும் தனிநபர் தகவல்தான் என்று ஒரு வரியில் மனுவை முடித்துவிடலாம்.

தனியுரிமை, தகவல் அறியும் உரிமை ஆகிய இந்த இரண்டும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியவை அல்ல. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முயன்ற வழக்கில், 1994இலேயே உச்ச நீதிமன்றம் தனிமனிதரின் அந்தரங்கத்தை ஏற்றுக்கொண்டு, பொது ஆவணங்களில் இருப்பதற்கும் அதிகாரிகளின் அலுவல் நடத்தைக்கும் அந்தப் போர்வை பொருந்தாது என்று பிரித்துக் காட்டியது. வழக்கறிஞர்கள் கேட்பது அந்தப் பிரிவினையைத்தான்.

பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, ஆனால் முதலில் எடை போடுகிறவர் அதே அலுவலர்தான். எனவே நீங்கள் மனு எழுதும்போது அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்னவென்று இரண்டு வரி சேர்த்தே எழுதுங்கள்.