1977 ரஷ்யக் காய்ச்சல் ஆய்வகத்திலிருந்து வந்ததா?

"1977-ல் பரவிய ரஷ்யக் காய்ச்சல் இயற்கையானது இல்லை, ஆய்வகத்திலிருந்து வெளியானது என்கிறார்களே, உண்மையா, வாட்ஸ்அப் கதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு "வதந்தி" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவன்தான் நான். இதற்கு மட்டும் அப்படி எழுத மனம் வரவில்லை.

முதலில் பெயர் விஷயம். 1977 நவம்பரில் சோவியத் யூனியன் வெளியே சொன்னது. பெயர் அதன் தலையில் விழுந்தது. அந்த மே மாதமே சீனாவின் வடகிழக்கில் லியாவோனிங், ஜிலின் பக்கம் அது பரவிக்கொண்டிருந்தது. 1918-ல் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற பெயரில் ஸ்பெயின் மாட்டிக்கொண்டதும் இப்படித்தான்.

படுத்தவர்கள் பெரும்பாலும் 26 வயதுக்குக் கீழே. அமெரிக்காவில் கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமியில் 3,000-க்கும் மேற்பட்ட மாணவர்களில் முக்கால்வாசிப் பேரைச் சில நாட்களில் சாய்த்தது. பெரியவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏனென்றால் இது எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸ் வகை. 1957-ல் ஆசியக் காய்ச்சல் என்ற வேறு வகை ஃப்ளூ வந்ததும் மனிதர்களிடமிருந்து காணாமல் போன வகை. அதற்கு முன் அதைச் சந்தித்தவர்களின் உடம்பு அதை மறந்திருக்கவில்லை.

அப்புறம்தான் விஷயம் சூடு பிடித்தது. 1978-ல் நியூயார்க்கில் வைரஸ் ஆய்வாளர் பீட்டர் பலேசியின் குழு இந்த வைரஸின் மரபுப்பொருளைப் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டது. 1950 வாக்கில் எடுத்த வைரஸோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது. ஃப்ளூ வைரஸ் சும்மா இருக்கும் சாதி இல்லை. பெருகும்போதெல்லாம் பிழை விட்டு மாறிக்கொண்டே இருக்கும். ஊரை விட்டுப் போனவன் 27 வருடம் கழித்து ஒரு நரைமுடி கூட இல்லாமல் வந்து நின்றால், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்கத்தானே தோன்றும்?

ஃப்ரீசரில் இருந்தது என்பதுதான் பொருந்துகிற பதில். நான் சில காலம் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். மைனஸ் 70 டிகிரி பெட்டியைத் துடைக்கும்போது நான் பிறப்பதற்கு முந்தைய தேதி எழுதிய குப்பிகள் கையில் வரும். அதனால் இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

சரி, எப்படி வெளியே வந்தது? கிருமி ஆயுதம் என்ற கதையை நான் நம்பவில்லை. பெரும்பாலானோர் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்துவிடும் காய்ச்சலை யார் ஆயுதமாக்குவார்கள்? தடுப்பூசிப் பரிசோதனை கைமீறியது என்பதுதான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. முந்தைய வருடம், 1976-ல்தான், அமெரிக்காவில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சலில் ஒரு வீரர் இறந்து, பயத்தில் 4 கோடிப் பேருக்கும் மேல் ஊசி போட்டிருந்தார்கள். அதுவும் எச்1என்1 வகைதான் என்பதால், எச்1என்1 மேல் எல்லார் கண்ணும் இருந்த நேரம். தூரக் கிழக்கு ஆசியாவில் சில ஆயிரம் ராணுவ வீரர்களுக்கு உயிருள்ள வைரஸைக் கொடுத்துச் சோதித்ததிலிருந்து பரவியிருக்கலாம் என்று சீன வைரஸ் நிபுணர் சூ சீ-மிங் தன்னிடம் சொன்னதாக 2004-ல் பலேசி எழுதினார். ஆனால் அது வாய்ச்சொல்தான், ஆவணம் இல்லை. ஆய்வகத் தவறு இல்லை என்றுதான் அந்தக் காலத்தில் அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள்.

வைரஸ் அதோடு போய்விடவில்லை. 2009 பன்றிக்காய்ச்சல் வந்து இடத்தைப் பிடிக்கும் வரை 30 வருடத்துக்கும் மேல் அதன் வாரிசுகள் உலகம் முழுக்கச் சுற்றின. சின்ன வயதில் பள்ளிக்கு மட்டம் போட வைத்த என் காய்ச்சல்களில் ஒன்றாவது அந்த ஃப்ரீசர் வகையறாவாக இருந்திருக்கும்.