மனை யாருடையது? பழைய சென்னையில் வீடு வாங்குவோர் கேள்வி–பதில்

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு கோயில் பக்கம் குடிபோக ஆசை. மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய சந்தில், முக்கால் கிரவுண்டில் ஒரு பழைய தனி வீடு, பக்கத்து வீடுகளைவிடப் பாதி விலைக்கு வருகிறது. திருவல்லிக்கேணியிலும் ஒன்று பார்த்தோம். எந்த ஏரியா நல்லது? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: ஏரியாவை அப்புறம் பார்க்கலாம். பாதி விலை என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியும் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியும் ‘மனை கோயிலுக்கு, கட்டடம் நமக்கு’ என்ற கணக்கில் இருக்கும் வீடுகள் உண்டு. விற்பவர் கையில் பத்திரம், சொத்துவரி ரசீது, மின் இணைப்பு எல்லாமே இருக்கும். பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ‘மேற்கட்டுமானம் மட்டும்’ என்றோ ‘தரை வாடகை’ என்றோ ஒரு வரி இருந்தால், நீங்கள் வாங்கப்போவது 1,800 சதுர அடி மனை அல்ல, வெறும் சுவர்கள். கோயில் மனையை விற்க 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி அறநிலையத்துறை ஆணையர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கட்டடத்தை மட்டும் எழுதி வாங்கினால், மனைக்குக் காலமெல்லாம் வாடகை கட்டவேண்டும். வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது.

விற்பவர் வாய்வார்த்தையை விட்டுவிட்டு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். அதில் உரிமையாளர் பெயர் யார் என்று பாருங்கள்.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் சான்று. பழைய ஏரியாக்களில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டுக்குப் பழைய கதவு எண் ஒன்று, புதிய எண் ஒன்று; சர்வே எண்ணும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் ‘வில்லங்கம் இல்லை’ என்றுதான் சான்று வரும்! மூலப் பத்திரத்தில் இருக்கும் எண்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். இணையத்தில் குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடவேண்டும்.

மூன்றாவது, விற்பவரின் சகோதரிகள். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. ‘அக்காவுக்குச் சீர் செஞ்சாச்சு சார்’ என்பது சட்டத்தில் செல்லாது. அவர்களும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து முன்னதாகப் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் இருக்கவேண்டும்.

இரண்டு வீட்டிலும் காகிதம் சுத்தம் என்றால், எந்தச் சந்தில் தண்ணீர் லாரி நுழைகிறதோ அதற்கே எங்கள் ஓட்டு. லாரி நுழைந்தால் ஆம்புலன்சும் நுழையும், நாளைக்கு இடித்துக் கட்டினால் ஜல்லியும் வந்து இறங்கும். மாடவீதிப் பக்கம் என்றால் பங்குனியில் தேரன்றும் அறுபத்துமூவரன்றும் காரை வெளியே எடுப்பதை மறந்துவிடுங்கள். கோயில் வாசலில் குடியிருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது ஒரு குறையா என்ன!

கேள்வி: சிந்தாதிரிப்பேட்டையில் ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை போட்ட வீடு. அப்படியே வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: மரம் நன்றாக இருந்தால் தாராளமாக. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு (தட்டையான ஓடு) பதிப்பதுதான் அந்தக் கூரை. கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சுவருக்குள் போகும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றியாகவேண்டும். ஒழுகுகிறது என்று சிமெண்ட் பூசியிருந்தால் இன்னும் உஷார்: சிமெண்டில் விரிசல் விட்டு நீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது, ஈரமெல்லாம் மரத்தில் ஏறும். தட்டோட்டின் இடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைப்பதே சரி.

பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதையும் பத்திரத்தில் பாருங்கள். இடிக்கும் நாளில்தான் அந்தச் சண்டை ஆரம்பிக்கும்.

கேள்வி: தி.நகர், மேற்கு மாம்பலத்தில் தண்ணீர் நிற்குமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: தெருவுக்குத் தெரு மாறும். தி.நகர் 1920களில் பழைய ஏரி ஒன்றைத் தூர்த்து உருவான ஊர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. மாம்பலம் கால்வாயை ஒட்டிய தெருக்களில் கூடுதல் கவனம் வேண்டும். வாசலில் நின்று மூன்றைப் பாருங்கள். சாலை மட்டம் வீட்டுத் தரையைவிட மேலே இருக்கிறதா? சாலையை மேலே மேலே போட்டே பல பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் கறைக்கோடு ஓடுகிறதா? அக்கம்பக்கத்தார் ஈ.பி. மீட்டர் பெட்டியைத் தோள் உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருக்கிறார்களா? சும்மா யாரும் அந்தச் செலவைச் செய்வதில்லை. 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அயர்ன்காரரைக் கேளுங்கள், தரகரை அல்ல.

கேள்வி: பழைய தனி வீட்டுக்குப் பதிவுச் செலவு எவ்வளவு? (வாசகர், கொளத்தூர்)

பதில்: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் விற்பவருக்குக் கொடுக்கவேண்டும். பிடித்ததை வருமான வரித்துறைக்கு நீங்களே கட்டவேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் கூடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.