பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் பாக்கி இருக்கிறதா?

கேள்வி: அம்மாவின் சிகிச்சைக்காகத் தங்கை கொடுத்துவைத்த பணத்தில் 10,000 எடுத்து என் கடனை அடைத்தேன். அவளுக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதில்: உண்மையாக மனம் வருந்திச் சொல்லியிருந்தால் கடவுள் மன்னித்துவிட்டார், அதில் சந்தேகமே வேண்டாம். பாக்கி நிற்பது பரிகாரம், அதாவது செய்த தவறை ஈடுகட்டுவது. மனம் வருந்துவது, பாவத்தை அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது, மூன்றும் நம் பங்கு. குருவானவர் சொன்ன செபங்களை முடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திருட்டில் அது போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பைபிளின் லேவியர் நூல் முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்க்கச் சொல்கிறது. உங்கள் கணக்கில் 12,000. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னார். உங்களால் ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள்.

குருவானவர் நினைவூட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். பாவசங்கீர்த்தன இரகசியத்தால் அவர் இதை வெளியே பேச முடியாது.

பெயர் சொல்லாமல் பணத்தைச் சேர்த்துவிட்டாலும் திருச்சபையின் பார்வையில் கடன் தீரும். ஆனால் கூடப்பிறந்தவளிடம் அப்படிச் செய்தால் அந்தக் கூச்சம் போகாது. நேரில், தனியாகச் சொல்லுங்கள். அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். "உன் பணத்துல பத்தாயிரம் கேக்காம எடுத்துட்டேன். தப்பு. இதோ அஞ்சாயிரம், மீதி ரெண்டு மாசத்துல தர்றேன், மன்னிச்சிரும்மா." இவ்வளவுதான். "ஆனா எனக்கும் அப்ப நெருக்கடி" என்று ஆரம்பித்தால் மன்னிப்பு வாதமாகிவிடும். "வருத்தமா இருந்தா மன்னிச்சிரு" என்றாலோ, வருத்தப்படுவதே அவள் குறை என்றாகும். "ஃபாதரே மன்னிச்சிட்டாரு" என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். அவள் கோபப்பட்டால் படட்டும். "மன்னிச்சிட்டியா?" என்று அங்கேயே நச்சரிக்க வேண்டாம், அவளுக்கு நாளாகலாம்.

கேள்வி: குடித்துவிட்டுத் திட்டும் அண்ணனை எத்தனை முறை மன்னிப்பது?

பதில்: சீடர் பேதுரு ஏழு முறையா என்று கேட்க, எழுபது தடவை ஏழு முறை என்றார் இயேசு. அதே மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்புதான், குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ என்கிறார். ஆகவே வாயை மூடிப் பொறுத்துக்கொள்வது மன்னிப்பு ஆகாது. போதை தெளிந்த காலையில் பேசுங்கள். கை ஓங்கினால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். விலகிப் போனதால் நீங்கள் மன்னிக்காதவர் ஆகிவிட மாட்டீர்கள்.