மெட்ஃபார்மின் தாமிரத்தை இழுத்துவிடுமா?

ஆறு வருஷமாக தினம் 2000 மி.கி. மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) எடுக்கிறேன், பாதம் மரத்துப்போகிறது, தாமிரக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்ஃபார்மின் தாமிர அயனியைப் பிடிப்பது உண்மைதான்: இரண்டு மூலக்கூறுகள் இரு பக்கமும் நைட்ரஜனால் கவ்விக்கொள்ளும். அதை வைத்துத் தாமிரக் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள்.

சர்க்கரையாலேயே மரத்துப்போகலாம். ஆனால் உங்கள் அளவுக்கும் காலத்துக்கும் முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உள்ளே போகக் கால்சியம் வேண்டும். மெட்ஃபார்மின் அங்கேதான் குறுக்கிடுவதாகக் கருதப்படுகிறது. ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு. 200–300 என்றால் பி12 குறைந்தால் கூடும் மீதைல்மலோனிக் அமிலத்தையும் பரிசோதித்துப் பாருங்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் போடாதீர்கள், ரத்தசோகை சரியாகி நரம்புச் சேதம் மறைந்தே வளரும்.

சிங்க் மாத்திரை உண்டா? தினம் 50 மி.கி. மாதக்கணக்கில் போனால் அதுதான் தாமிரத்தைக் குறைக்கும், கால் இதேபோல் மரத்துப்போகும். டாக்டரைக் கேட்காமல் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம்.