கடலை மறைக்கும் ஹோட்டல்: வழக்கு நிற்குமா?

கேள்வி: சென்னையில் கடற்கரையை ஒட்டிய தெருவில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறோம். எதிரே, கடல் பக்கம், பழைய இரண்டு மாடிக் கடை வளாகம் இருக்கிறது. அதை இடித்துவிட்டு ஏழு மாடி ஹோட்டல் கட்டப்போகிறார்களாம். ஏரியா மதிப்பு ஏறும் என்று சிலருக்குச் சந்தோஷம். வலை கொண்டுபோகும் வழி அடைபடும் என்று குப்பத்து மீனவர்களுக்குக் கவலை. எங்களுக்குக் கடலே தெரியாது. குடியிருப்போர் சங்கத்தில் கையெழுத்து வாங்குகிறோம். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் மனுவில் ‘கடல் தெரியாது’ என்று முதல் வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். கடல் காட்சிக்கு நம் சட்டத்தில் உரிமை கிடையாது. 1882 வசதியுரிமைச் சட்டம் 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்தையும் காற்றையும் காப்பாற்றும். அதற்கும் கணிசமான பாதிப்பைக் காட்டியாக வேண்டும். நடுவில் ஒரு தெருவே இருக்கும்போது அது சுலபமில்லை.

உங்கள் பலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில்தான் (சி.ஆர்.இசட்.) இருக்கிறது. நகரத்தில் ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த கரையோரம் பொதுவாக இரண்டாம் வகையில் வரும். அங்கே புதுக் கட்டடம் என்றால், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம். நீங்கள் சொல்லும் வளாகம் சாலைக்குக் கடல் பக்கம் இருக்கிறது. அப்படியானால் உரிமையாளர் கேட்கக்கூடியது பெரும்பாலும் மறுகட்டுமானம் மட்டுமே. அதற்குப் பழைய கட்டடம் முறையாக அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும், பயன்பாடும் மாறக்கூடாது. கடையும் ஹோட்டலும் வணிகம்தானே என்று அவர்கள் தரப்பு வக்கீல் வாதாடுவார். அதனால் முதலில் பழைய கட்டடத்தின் திட்ட அனுமதியைத் தேடுங்கள். எல்லாரும் புதுக் கட்டடத்தின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல சமயம் ஓட்டை பழையதில் இருக்கும்.

அப்புறம் உயரம். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்ற அளவுதான் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கையின் கீழ் அது 1991 விதிகளின் அளவிலேயே உறைந்திருந்தது. 2019 அறிவிக்கை அதைத் தளர்த்தியது. ஆனால் 2019 விதிகளின்படி தயாரித்த கடலோர வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை பழைய வரைபடமே செல்லும். ஏழு மாடிக்கு எந்த அறிவிக்கையின் கீழ் விண்ணப்பித்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் கட்டடத் திட்ட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ.) தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதற்கிடையில் சி.ஆர்.இசட். அனுமதி வந்துவிட்டால் கெடு ஓடத் தொடங்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள் போனாலும் தீர்ப்பாயத்தால் மன்னிக்க முடியாது. அனுமதியே இல்லாமல் வேலை தொடங்கினால் வேறு மனு, ஆறு மாதத்துக்குள். கட்டி முடித்த பிறகு என்ன செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள். கொச்சி மரடில் சி.ஆர்.இசட். விதிகளை மீறிக் கட்டிய, மக்கள் குடியேறி வாழ்ந்த அடுக்குமாடிகளையே உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் தகர்த்தார்கள். இருந்தாலும் அந்த நிலைக்குக் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

மீனவர்களை உங்கள் மனுவில் ஒரு பத்தியாகச் சேர்க்காதீர்கள். கரைக்குப் போகும் வழக்கமான பாதை அவர்களுக்குத் தனி உரிமை, உங்கள் காட்சியைவிடப் பல மடங்கு வலுவானது. அவர்களே மனுதாரராக வரட்டும். இடிப்பதற்கு முன் வளாகத்தையும் சாலையையும் அந்தப் பாதையையும் தேதியோடு படம் எடுத்து, அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.